ஏர் பிரையரில் பழக் கேக்: விழுந்த பப்பாளிக்கு ஒரு வழி

(உழவர் மகளிர் பயிற்சி முகாமில் உழவியல் துறை விரிவுரையாளர் ஒருவர் ஆற்றிய உரை)



களை, உரம், பாசனம் பற்றிப் பேச வேண்டிய உழவியல் ஆசிரியருக்கு அடுப்படியில் என்ன வேலை என்று நீங்கள் நினைக்கலாம். காரணத்தை முதலிலேயே சொல்லி விடுகிறேன்.

மூன்று ஆண்டுகளுக்கு முன், ஐப்பசி மழையோடு வந்த காற்றில் எங்கள் வீட்டுத் தோட்டத்தில் இருபத்தேழு பப்பாளி மரங்கள் ஒரே இரவில் சாய்ந்தன. பப்பாளியின் தண்டு உள்ளே கூடானது. வேரும் ஆழமாகப் போவதில்லை. தலைநிறையக் காய் இருக்கும் மரம் ஈர மண்ணில் காற்றுக்கு நிற்காது. இதை வகுப்பில் பலமுறை சொல்லிக் கொடுத்தவன் நான். ஆனால் என் சொந்தத் தோட்டத்திலே காற்றுத் தடுப்பு மரங்களை நடாமல் விட்டிருந்தேன். மறுநாள் காலையில் வந்த வியாபாரி ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்து விட்டு, மஞ்சள் கோடு விழுந்த காய்களை மட்டும் எடுத்துக் கொண்டு போனார். முழுப் பச்சையாகக் கிடந்தவற்றை அவர் தொடவில்லை. மஞ்சள் கோடு விழுந்த பின் பறித்த காய் பழுக்கும். அதற்கு முன் விழுந்த காய் சுவையாகப் பழுக்காது. ஆகவே அவரைக் குறை சொல்வதற்கில்லை.

"மாட்டுக்குப் போட்டு விடலாமா?" என்று என் தாயார் கேட்டார். அவர் நட்டு வளர்த்த மரங்கள் அவை. அந்தக் கேள்விக்கு விடை தேடப் போய்த்தான் நான் கேக் சுடக் கற்றுக் கொண்டேன்.

ஏர் என்றால் கலப்பையா?

எங்கள் வீட்டில் ஓவன் கிடையாது. தம்பி வாங்கி வந்த ஏர் பிரையர் ஒன்று, அட்டைப் பெட்டி கூடப் பிரிக்காமல் பீரோவின் மேல் இருந்தது. அதன் பெயரைக் கேட்ட என் தகப்பனார், "ஏர் என்கிறாயே, இது எத்தனை சென்ட் உழும்?" என்று கேட்டார். இந்த ஏர் உழுகின்ற ஏர் அன்று. ஆங்கிலத்தில் காற்று என்று பொருள். பெட்டியின் மேற்பகுதியில் மின்சாரத்தால் சூடாகும் கம்பிச் சுருளும் அதன் மேல் ஒரு விசிறியும் இருக்கும். விசிறியானது சூடான காற்றைப் பெட்டிக்குள் வேகமாகச் சுழற்றி அடிக்கிறது. அந்தக் காற்றிலே பண்டம் வேகிறது. பிலிப்ஸ் நிறுவனம் 2010ஆம் ஆண்டு பெர்லின் நகரக் கண்காட்சியில் அறிமுகப்படுத்திய பின்னர் இவ்வகைக் கருவிகள் உலகெங்கும் பரவின. இன்று பல நிறுவனங்கள் இவற்றைச் செய்கின்றன.

எண்ணெய் குறைவாக வறுப்பதற்கென்று வந்த கருவிதான் இது. ஆனாலும் முறையறிந்து பயன்படுத்தினால் அரைக் கிலோ அளவிலான பழக் கேக் ஒன்றை இதில் நன்றாகச் சுடலாம். முறையறியாமல் வைத்தால் என்ன ஆகும் என்பதையும் நான் அனுபவத்தில் கண்டிருக்கிறேன்.

பச்சைக் காய்க்கு ஒரு வேலை

கேக்குக்கு முன் பழத்தைப் பார்ப்போம். கடைகளில் விற்கும் பழக் கேக்கில் சிவப்பும் பச்சையுமாகக் கிடக்கும் டூட்டி புரூட்டி பெரும்பாலும் பப்பாளிக் காயிலிருந்து செய்யப்படுவதே. கோ.2, கோ.5 போன்ற இரகங்களில் காயைக் கீறி, பப்பெயின் செய்வதற்காகப் பால் எடுக்கிறார்கள் அல்லவா? பால் எடுத்த காய் தழும்பு பட்டிருப்பதால் பழக்கடையில் விலை போகாது. அதுவும் டூட்டி புரூட்டிக்கு ஏற்றதே. காற்றில் விழுந்த காயும் அப்படித்தான்.

செய்முறை எளிது. காயைத் தோல் சீவி, விதையையும் உள்ளிருக்கும் வெண்மையான பகுதியையும் நீக்கி விடுங்கள். பால் பட்டால் கை அரிக்கும். கையில் எண்ணெய் தடவிக் கொள்ளவும். காயைச் சுண்டுவிரல் நகத்தளவு சதுரத் துண்டுகளாக நறுக்கி, பலமுறை கழுவி, கொதிக்கும் நீரில் ஐந்து நிமிடம் வேக வைத்து வடிகட்ட வேண்டும். இதனால் காயிலுள்ள பாலின் வீரியமும் கசப்பும் நீங்கும்.

ஒரு கிலோ துண்டுக்கு ஒரு கிலோ சர்க்கரை தேவை. ஆனால் முழுவதையும் முதல் நாளே போடக் கூடாது. முதல் நாள் அரைக் கிலோ சர்க்கரையை அரை லிட்டர் நீரில் காய்ச்சி, அதில் துண்டுகளைப் போட்டு ஐந்து நிமிடம் கொதிக்க விட்டு மூடி வைக்கவும். மறுநாள் துண்டுகளை எடுத்து விட்டுப் பாகில் கால் கிலோ சர்க்கரை சேர்த்துக் காய்ச்சி, மீண்டும் துண்டுகளைப் போடவும். மூன்றாம் நாள் மீதிக் கால் கிலோவையும் ஒரு எலுமிச்சம் பழச் சாற்றையும் சேர்த்துத் தேன் பதத்திற்குக் காய்ச்சித் துண்டுகளை ஊற விடவும். நான்காம் நாள் வடித்துப் பரப்பி, கைக்கு ஒட்டாத பதம் வரும்வரை நிழலில் உலர்த்தவும். மழைக் காலமாதலால் நாங்கள் மின்விசிறியின் கீழ் உலர்த்தினோம். நிறம் வேண்டுமானால் பாகில் சிறிது பீட்ரூட் சாறு சேர்த்தால் போதும்.

இவ்வாறு நாள்தோறும் இனிப்பை ஏற்றுவது ஏன்? கெட்டியான பாகில் ஒரேயடியாகப் போட்டால் துண்டிலுள்ள நீர் வேகமாக வெளியேறும். சர்க்கரை உள்ளே போவதற்குள் துண்டு சுருங்கித் தோல் போலாகி விடும். உப்பு மிகுந்த நிலத்தில் ஈரம் இருந்தும் பயிர் வாடுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதே தத்துவந்தான் இங்கும் வேலை செய்கிறது.

முதல் கேக் ஏன் கெட்டது?

துண்டுகள் தயாரானதும், ஓவனுக்கென்று எழுதப்பட்ட ஒரு குறிப்பை வைத்துக் கொண்டு, அதில் சொன்னபடியே 180 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்தில் கேக்கை வைத்தேன். இருபத்தைந்தாவது நிமிடம் திறந்து பார்த்தால் மேற்புறம் கருநிறம், நடுவில் வெடிப்பு. வெட்டினால் உள்ளே கூழ். என் தாயார் ஒன்றும் சொல்லவில்லை. நான்கு நாள் பாடுபட்டுச் செய்த பழத்துண்டுகள் அதிலே இருந்தன.

நெல்லுக்கோ நிலக்கடலைக்கோ சோதனைத் திடல் அமைக்கும்போது ஒரு விதியைக் கடைப்பிடிக்கிறோம். ஒரு சமயத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். உரத்தையும் இடைவெளியையும் சேர்த்து மாற்றினால், மகசூல் கூடியது எதனால் என்று சொல்ல முடியாது. அந்த விதியை அடுப்படிக்கும் கொண்டு வந்தேன். ஒரு நோட்டில் எழுதியும் வைத்தேன்.

இரண்டாம் கேக்கில் வெப்பத்தை மட்டும் 150 டிகிரியாகக் குறைத்து, நேரத்தை வேகும்வரை நீட்டினேன். உள்ளே வெந்தது, மேல்தோல் மட்டும் கறுத்துக் கடினமாயிற்று. மூன்றாம் கேக்கில் இருபது நிமிடம் கழித்து மேலே அலுமினியத் தாளால் மூடினேன். மேல்தோல் சரியாயிற்று. ஆனால் இரண்டிலுமே பழம் எல்லாம் அடியில் தங்கி ஈரமாக இருந்தது. பழத்தை ஊற வைத்த சாற்றையும் சேர்த்து ஊற்றியதால் மாவு இளகி விட்டதே காரணம். நான்காம் கேக்கில் சாற்றை நன்றாக வடித்து விட்டுப் போட்டேன். அது பிழையின்றி வந்தது.

இதன் காரணத்தையும் தெரிந்து கொள்வது நல்லது. ஈரமுள்ள மாவின் உட்புறம் 100 டிகிரிக்கு மேல் ஏறுவதில்லை. ஏறக்குறைய 95 டிகிரியை எட்டியதும் முட்டையும் மாவும் இறுகிக் கேக் வெந்து விடுகிறது. அந்தச் சூடு வெளியிலிருந்து உள்ளே மெதுவாகத்தான் போகும். ஆனால் மேற்புறத்தில் வேகமான சூடான காற்று ஓயாது அடிப்பதால், அது விரைவில் உலர்ந்து கருகுகிறது. கடும் மழைக்குப் பின் வெயில் அடித்தால் செம்மண்ணில் மேலோடு இறுகி, முளை வெளியே வர முடியாமல் மண்ணைப் பிளப்பதைப் பார்த்திருக்கிறீர்கள். கேக்கிலும் மேலோடு முன்கூட்டியே இறுகி விட்டால், உள்ளே பொங்கும் மாவு அதை உடைத்துக் கொண்டு வரும். எனவே சூட்டைக் குறைத்து, நேரத்தைக் கூட்டி, மேலே மூடுவதே இந்தக் கருவியில் பழக் கேக் சுடுவதற்கு உரிய முறையாகும்.

தேவையான பொருட்கள்

15 செ.மீ. குறுக்களவும் 7 செ.மீ. உயரமும் உள்ள வட்டப் பாத்திரம் ஒன்றுக்கு:

மைதா 75 கிராம்
கோதுமை மாவு 50 கிராம்
பேக்கிங் பவுடர் ஒரு தேக்கரண்டி (தலை தட்டி)
உப்பு ஒரு சிட்டிகை
வெண்ணெய் 100 கிராம்
பொடித்த சர்க்கரை 90 கிராம்
முட்டை 2
டூட்டி புரூட்டி, உலர் திராட்சை, பேரீச்சை சேர்த்து 150 கிராம்
உடைத்த முந்திரிப் பருப்பு 30 கிராம்
பட்டை, கிராம்பு, ஜாதிக்காய், சுக்கு பொடித்தது அரைத் தேக்கரண்டி
நிறத்திற்கு: சர்க்கரை 50 கிராம், வெந்நீர் 50 மி.லி.
ஊற வைக்க ஒரு ஆரஞ்சுப் பழத்தின் சாறு
பால் தேவைக்கேற்ப இரண்டு மேசைக்கரண்டி வரை

செய்முறை

1. திராட்சையையும் நறுக்கிய பேரீச்சையையும் ஆரஞ்சுச் சாற்றில் இரவு முழுவதும் ஊற வைத்து, காலையில் நன்றாக வடித்து விடவும். ஊறாத உலர்பழம் மாவிலுள்ள ஈரத்தை இழுத்துக் கொண்டு கேக்கை வறட்சியாக்கும். டூட்டி புரூட்டியை ஊற வைக்க வேண்டியதில்லை.

2. நிறத்திற்கான சர்க்கரையை அடிகனமான வாணலியில் நீர் விடாமல் உருக்கி, கடுந்தேநீர் நிறம் வந்ததும் அடுப்பை அணைத்து, வெந்நீரைச் சிறிது சிறிதாக ஊற்றவும். இது சீறித் தெறிக்கும். முகத்தைத் தள்ளி வைத்துக் கொள்ளவும். குழந்தைகளை அருகில் விட வேண்டாம். இப்பாகை முற்றிலும் ஆற விட்டு, மூன்று மேசைக்கரண்டி எடுத்துக் கொள்ளவும்.

3. மாவுகள், பேக்கிங் பவுடர், உப்பு, மசாலைப் பொடி ஆகியவற்றைச் சேர்த்து இருமுறை சலிக்கவும். அதில் ஒரு மேசைக்கரண்டி எடுத்துப் பழத்துண்டுகளின் மேலும் முந்திரியின் மேலும் தூவிப் புரட்டி வைக்கவும்.

4. வெண்ணெயையும் பொடித்த சர்க்கரையையும் வெளுத்து மிருதுவாகும்வரை அடிக்கவும். முட்டையை ஒவ்வொன்றாகச் சேர்த்து அடிக்கவும். திரிந்தாற்போல் தோன்றினால் ஒரு கரண்டி மாவு சேர்த்தால் கூடி வரும். பிறகு ஆறிய பாகைச் சேர்க்கவும்.

5. மாவைச் சேர்த்தபின் அடிக்கக் கூடாது. கரண்டியால் மடித்துக் கலந்தாலே போதும். மிகுதியாகக் கலக்கினால் கேக் சப்பாத்தி போல் இழுவையாகும். கரண்டியிலிருந்து மெதுவாக விழும் கெட்டிப் பதம் வேண்டும். மிகவும் இறுகியிருந்தால் மட்டும் பால் சேர்க்கவும். இறுதியாகப் பழங்களையும் முந்திரியையும் கலக்கவும்.

6. பாத்திரத்தின் அடியிலும் பக்கத்திலும் வெண்ணெய் தடவிப் பட்டர் பேப்பர் ஒட்டி, மாவைப் பாதியளவுக்குச் சற்று மேல் இராமல் நிரப்பவும்.

7. ஏர் பிரையரை 160 டிகிரியில் ஐந்து நிமிடம் வெறுமையாக ஓட்டிச் சூடாக்கவும். பிறகு பாத்திரத்தை வைத்து 150 டிகிரிக்கு மாற்றவும். இருபது நிமிடம் ஆனதும் அலுமினியத் தாளால் மூடி, விளிம்பை இறுக்கமாக மடித்து விடவும். மொத்தம் 45 முதல் 55 நிமிடம் ஆகும். நடுவில் ஒரு ஈர்க்குச்சியைக் குத்தி எடுத்தால் மாவு ஒட்டாமல் வர வேண்டும்.

8. பாத்திரத்திலேயே பத்து நிமிடம் வைத்திருந்து, பின்னர் வெளியே எடுத்து முழுவதும் ஆற விடவும். சூட்டோடு வெட்டினால் உதிரும். மறுநாள் வெட்டுவதே நல்லது.

கவனத்தில் கொள்ள வேண்டியவை

பாத்திரம் வாங்கும் முன் கருவியின் கூடையை அளந்து கொள்ளுங்கள். பாத்திரத்தைச் சுற்றிலும் ஒரு விரல் இடைவெளியும், மேலே கம்பிச் சுருளுக்குக் கீழே போதிய இடமும் வேண்டும். இடமின்றி அடைத்து வைத்தால் காற்று சுழலாது.

பட்டர் பேப்பரையோ அலுமினியத் தாளையோ தளர்வாக வைக்கக் கூடாது. விசிறி அதைத் தூக்கிக் கம்பிச் சுருளில் ஒட்ட வைத்துத் தீப்பிடிக்கச் செய்யலாம்.

1,500 வாட் கருவியொன்று 230 வோல்ட்டில் ஏறக்குறைய 6.5 ஆம்பியர் மின்னோட்டம் எடுக்கும். விளக்கு, மின்விசிறிக்கென்று அமைத்த 6 ஆம்பியர் பிளக்கில் இதைச் செருக வேண்டாம். 16 ஆம்பியர் பிளக்கும் தரைக் கம்பி இணைப்பும் தேவை.

மோட்டார்கள் எல்லாம் ஓடும் நேரத்தில் நம் ஊர்களில் வோல்டேஜ் இறங்குவது உங்களுக்குத் தெரியும். 230 வோல்ட் 180ஆகக் குறைந்தால் கம்பிச் சுருள் தரும் வெப்பம் ஏறக்குறைய அறுபது விழுக்காடாகி விடும். கேக் வேகக் கூடுதல் நேரம் பிடிக்கும். ஆகவே கடிகாரத்தை மட்டும் நம்பாமல் ஈர்க்குச்சியை நம்புங்கள். முதல் அரைமணி நேரம் கூடையை இழுத்துத் திறந்து பார்க்கவும் வேண்டாம். பாதி பொங்கிய கேக் அமுங்கி விடும்.

இது ஆதாயமா?

நீங்கள் கேட்க நினைக்கும் கேள்வி இதுவாகத்தான் இருக்கும். நேர்மையாகச் சொல்லி விடுகிறேன். சாய்ந்த மரங்களால் ஏற்பட்ட இழப்பை இந்தக் கேக் ஈடுசெய்யவில்லை. விழுந்த காய் முழுவதையும் எங்களால் பயன்படுத்தவும் முடியவில்லை. ஒரு பங்கு மாட்டுக்குத்தான் போயிற்று.

மின்சாரக் கணக்கைப் பார்ப்போம். 1,500 வாட் கருவி 50 நிமிடம் இடைவிடாமல் எரிந்தாலும் ஒன்றேகால் யூனிட்தான். சூடு ஏறியபின் அது விட்டு விட்டு எரிவதால் செலவு அதைவிடக் குறையும். எனவே மின்சாரத்தால் நட்டமில்லை. வெண்ணெயும் முட்டையும் முந்திரியும்தான் பெரிய செலவு. ஆனால் ஒரு மணி நேரத்தில் ஒரு கேக்தான் வரும். காலை முதல் மாலை வரை சுட்டாலும் நான்கு கிலோவைத் தாண்டுவது கடினம். ஆகவே கேக் விற்பதற்காகவென்று கடன் வாங்கி இக்கருவியை வாங்க வேண்டாம். வீட்டில் ஏற்கனவே இருந்தால் பயன்படுத்துங்கள். இல்லையென்றால் அடிகனமான பாத்திரத்தில் மணல் பரப்பி, மூடி, மெல்லிய தீயில் இதே கேக்கைச் சுடலாம்.

விற்பனை செய்ய விரும்பும் மகளிர் குழுக்களுக்கு என் யோசனை வேறு. கேக்கைவிட டூட்டி புரூட்டியே அதிக நாள் கெடாமல் இருக்கும், கருவியும் வேண்டியதில்லை. முட்டையும் வெண்ணெயும் சேர்ந்த கேக்கை நம் தட்பவெப்பத்தில் காற்றுப் புகாத டப்பாவில் நான்கு நாளைக்கு மேல் வெளியே வைக்கக் கூடாது. நன்கு உலர்ந்த டூட்டி புரூட்டியோ ஈரம் புகாமல் வைத்தால் பல வாரங்கள் தாங்கும். எதை விற்றாலும், 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிலைச் சட்டப்படி பதிவு செய்து கொண்டு, தயாரித்த தேதியையும் சேர்த்த பொருட்களையும் எழுதி ஒட்டி விற்க வேண்டும்.

அப்படியானால் எங்களுக்கு என்ன மிஞ்சியது? எங்கள் தெருவில் ஒரு கிறிஸ்துவக் குடும்பத்தார் ஆண்டுதோறும் மார்கழியில் கேக் கொடுத்து அனுப்புவார்கள். நாங்கள் தைப் பொங்கலுக்குப் பொங்கல் கொடுப்போம். அந்த ஆண்டு அவர்கள் கேக் வருவதற்கு முன்பே என் தாயார் எங்கள் கேக்கைக் கொண்டு போய்க் கொடுத்தார். "பழம் எந்தக் கடையில் வாங்கினீங்க அக்கா?" என்று அந்த வீட்டு அம்மா கேட்டாராம். "கடையில் இல்லை, கண்ணு. காற்றில் விழுந்ததுதான்" என்று சொன்னதை என் தாயார் வீட்டுக்கு வந்து என்னிடம் இருமுறை சொன்னார்.

இப்போது தோட்டத்தின் காற்று வரும் பக்கத்தில் இரண்டு வரிசை சவுக்கு நட்டிருக்கிறோம். மரத்தடியில் மண் அணைத்து, காய் மிகுந்த மரங்களுக்கு முட்டுக் கொடுக்கிறோம். முதலில் செய்ய வேண்டியது அதுதான். கேக் அதற்குப் பின்னர்தான். ஆயினும் எவ்வளவு காத்தாலும் சில காய்கள் விழத்தான் செய்யும். அவற்றை அன்றே பொறுக்கி, பழுக்கும் காய் வேறு, பச்சைக் காய் வேறு எனப் பிரித்து, பச்சைக் காயை ஒரு கிலோ அளவிலாவது டூட்டி புரூட்டியாகச் செய்து பாருங்கள். செய்ததை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். முதல் முறை கெட்டுப் போனால் சோர்ந்து விடாமல், அடுத்த முறை ஒன்றை மட்டும் மாற்றிச் செய்து பார்க்குமாறு அன்புடன் கேட்டுக் கொள்கிறேன்.